ஒரு வாய் ஊற்றிக் காத்திருக்கவும்

ஆறே முக்காலுக்கு அவள் வீட்டுக் கதவைத் தள்ளியபோது, கணவரும் தம்பியும் முழங்கையில் ஆளுக்கொரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள்.

“குட் ஈவ்னிங், மேடம்,” என்றார் கணவர்.

“டேபிள் ஃபார் ஒன், மேடம்?” என்றான் தம்பி.

அவள் செருப்பைக் கழற்றினாள்.

“யாரு செத்தது?”

“யாரும் சாகலக்கா. உட்காரு.”

உட்கார்ந்தாள். மேசைமேல் ஒரு பழைய வினிகர் பாட்டில் இருந்தது. அதில் தண்ணீர். வாயில் கார்க் அமுக்கியிருந்தார்கள். பக்கத்தில் நீளக் கால் வைத்த கண்ணாடிக் கோப்பை ஒன்று, விளிம்பில் சில்லுப் போனது. ஹோட்டலில் தூக்கிப்போட இருந்ததைக் கணவர் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஹோட்டலில்தான் வேலை. கணவர் தரைக்குக் கீழே, கோப்பை கழுவும் அறையில். தம்பி லிஃப்ட்டில். மேல்மாடியில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கூடம் திறக்கப்போகிறார்கள். அங்கே வைன் பரிமாற ஓர் ஆள் வேண்டும். உள்ளே இருப்பவர்களிலிருந்தே எடுப்பதாக முடிவு. வருகிறவர்களிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்றதும் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். மீதிப் பேரில் பலரை மேலாளர் கழித்துவிட்டார். கடைசியில் நின்றவர்கள் இந்த இரண்டு பேர். மற்றவர்களுக்கு ஆங்கிலம் என்றால் பயம். இவர்களுக்குப் பயப்படும் அளவுக்குக்கூட ஆங்கிலம் தெரியாது.

மேலாளரை எல்லோரும் ஸ்பூன் சார் என்பார்கள். எந்த மேசையைக் கடந்தாலும் கோணலாகக் கிடக்கும் ஸ்பூனை நேராக்கிவிட்டுத்தான் போவார். அவர் ஆளுக்கொரு அச்சடித்த தாள் கொடுத்திருந்தார். வைனைப் பற்றி மேசையில் அன்றாடம் பேசும் ஆங்கிலச் சொற்றொடர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வெற்றுக் கோடு. சரியான வாக்கியத்தில் பயன்படுத்திக் காட்டவேண்டும். முதலில் தாளில், பிறகு ஸ்பூன் சார் வாடிக்கையாளராக உட்காரும் மேசையில்.

“நீதான்க்கா கஸ்டமர்,” என்றான் தம்பி.

“ரெண்டு பேருக்குமா?”

“வேற யாரு இருக்கா?” என்றார் கணவர்.

வேறு யாரும் இல்லை. மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் போட்டி போட்டால் மிஞ்சுவது ஒருத்திதான்.

அன்றைக்கே ஆரம்பித்தார்கள். பாட்டிலின் முகப்பைக் காட்டவேண்டும். திறக்கவேண்டும். ஒரு வாய் மட்டும் ஊற்றிக் காத்திருக்கவேண்டும். ஆர்டர் கொடுத்தவர் முகர்ந்து, ருசி பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றலாம். அவள் தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

“எல்லாருக்கும் ஊத்துறதுக்கு முன்னாடி யார்கிட்ட கேக்கணும்?”

“ஆர்டர் குடுத்தவங்ககிட்ட,” என்றார்கள் இருவரும்.

“ஏன்?”

“அந்த டேபிள் அவங்களுது,” என்றார் கணவர். தம்பிக்கு ஒரு விநாடி முன்னால் சொல்லிவிட்டதில் அவருக்கு மகிழ்ச்சி.

பிறகு ஊற்றினார். “வுட் யூ லைக் டு டேஸ்ட் இட், மேடம்?”

அவள் குடித்தாள். எத்தனை முறை கழுவியும் பாட்டிலை விட்டு வினிகர் போகவில்லை. தண்ணீர் புளித்தது.

“இட்ஸ் லவ்லி, தேங்க் யூ,” என்றாள்.

தம்பி ஊற்றினான். அதே பாட்டில், அதே புளிப்பு.

“இட்ஸ் லவ்லி, தேங்க் யூ.”

அவள் வேலை பார்ப்பது ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுதுபார்க்கும் நிறுவனத்தில், குறை கேட்கும் கவுண்டரில். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்து குறை சொல்வார்கள். இவள் மன்னிக்கணும் என்பாள். அந்தக் கவுண்டரில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வருகிறவர்கள் உண்மையான குறையை முதலில் சொல்வதில்லை. முதலில் ஃபிரிட்ஜின் கைப்பிடி ஆடுகிறது என்பார்கள். பிறகு வந்த மெக்கானிக் செருப்பைக் கழற்றவில்லை என்பார்கள். எழுந்து போகும்போதுதான் அது குளிரவே இல்லை என்பார்கள். வீட்டுக்கு வந்தபின் அவள் எதையும் குறை சொல்வதில்லை. நாள் முழுக்க மாவு அரைக்கிறவள் வீட்டிலும் வந்து கிரைண்டரைப் போடுவாளா?

அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்காரும்போது அவளுக்கு எதிரே ஜன்னல் இருந்தது. ஜன்னல் தெரியாது. தம்பியின் மெத்தை பகலில் சுருட்டி அதன்மேல் சாத்தப்பட்டிருக்கும். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பையோடு வந்தவன். ஆறு வருடமாகிறது. அந்த ஜன்னலைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, யாருடைய குரலும் காதில் விழாமல் அரைமணி நேரம் உட்காரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. கணவருக்கு அந்த வேலை கிடைத்தால் இதைவிடப் பெரிய வீட்டுக்குப் போகலாம். பெரிய வீட்டில் பெரிய ஜன்னல் இருக்கும். அதன்மேல் தம்பியின் மெத்தை இருக்கும். தம்பிக்குக் கிடைத்தால் அவனுக்குக் கல்யாணம் ஆகும். பெண் தயார்தான். பெண்ணின் அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. “நாள் முழுக்க மேலயும் கீழயும் போய்ட்டு கிளம்பின இடத்துக்கே வர்றவனுக்கு எப்படிக் குடுக்கறது?” என்று கேட்டுவிட்டார். கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம் போவான். ஜன்னல் இதே ஜன்னல்தான். ஆனால் திறக்கும்.

இதை யாரிடம் சொல்வது? ஒருவர் கட்டியவர், ஒருவன் கூடப்பிறந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி லவ்லி சொன்னாள்.

சாப்பாடு முடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். ‘ஃபுல் பாடீட்’ என்றால் வாயில் கனமாக நிற்கும் வைன். தம்பி எழுதினான்: மை மாமா இஸ் ஃபுல் பாடீட்.

“இதை அழிக்கச் சொல்லு,” என்றார் கணவர் அவளிடம்.

“பொய்யா மாமா?”

“வைனைப் பத்தி எழுதச் சொன்னா என்னை எதுக்குடா இழுக்கற?”

‘லெட் இட் ப்ரீத்’ என்றால் பாட்டிலைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட வைப்பது. கணவர் எழுதினார்: ஐ வில் ஓபன் இட் நவ் அண்ட் லெட் இட் ப்ரீத், சார். சரியாக இருந்தது. தம்பி எழுதினான்: டென் பீப்பிள் இன் மை லிஃப்ட், ப்ளீஸ் லெட் இட் ப்ரீத்.

‘ஹவுஸ் வைன்’ என்பது அந்த ஹோட்டலே வழக்கமாக ஊற்றும் சாதா வைன். தம்பி யோசித்து எழுதினான்: வீ ஹேவ் நோ ஹவுஸ் வைன் இன் அவர் ஹவுஸ்.

அவள் இரண்டு தடவை படித்தாள். தப்பில்லை. மூன்று பேரில் யாரும் வைனை நாக்கில் வைத்ததில்லை.

பரீட்சை நடந்த அன்று இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து செருப்பைக் கழற்றினார்கள்.

“என்ன ஆச்சு?”

“அவனைக் கேளு,” என்றார் கணவர்.

முதலில் தம்பி போயிருக்கிறான். ஒரு வாய் ஊற்றிக் காத்திருந்தான். ஸ்பூன் சார் முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். ஸாரி, திஸ் வைன் இஸ் கார்க்ட் என்றார். கார்க்கினால் கெட்டுப்போய் நாறுகிறது என்று அர்த்தம். தாளில் இருந்த சொற்றொடர்தான். இவன் “தேங்க் யூ, சார், என்ஜாய்” என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த எல்லோருக்கும் நிரம்ப ஊற்றியிருக்கிறான்.

“ஏன்டா?”

“ஊத்தினதுக்கப்புறம் அவங்க ஏதோ இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. நாம தேங்க் யூ சொல்லிட்டு எல்லாருக்கும் ஊத்தணும். பத்து நாளா அப்படித்தானே பண்ணினோம்.”

“நீங்க?” என்று கணவரிடம் கேட்டாள்.

கணவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

“மாமாவுக்கும் அதையேதான் சொன்னாராம்,” என்றான் தம்பி. “மாமாவும் தேங்க் யூ சொல்லியிருக்காரு. ஸ்பூன் சார் வேண்டாம்னு கோப்பை வாயைக் கையால மூடியிருக்காரு. மாமா அவரு விரல் மேலயே ஊத்திட்டாரு.”

“நிறைய இல்ல,” என்றார் கணவர்.

ஸ்பூன் சார் விரலைத் துடைத்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டு, யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டிருக்கிறார். என் பொண்டாட்டிகிட்ட என்றார் இவர். எங்க அக்காகிட்ட என்றான் அவன். ரெண்டும் ஒரே ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். அந்தம்மா ஒரு நாளாவது நல்லா இல்லன்னு சொன்னாங்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அவர் கொஞ்ச நேரம் ஒரு ஸ்பூனை நேராக்கிக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த வாரம் மறுபடி வாங்க, அதுக்குள்ள அந்தம்மாவைக் கொஞ்சம் குறை சொல்லச் சொல்லுங்க என்றார்.

“நான் குறை சொல்லமாட்டேன்,” என்றாள் அவள்.

“சும்மா வாய்ப்பேச்சுக்குத்தானேக்கா.”

“காலையிலேர்ந்து அதைத்தான் கேட்டுட்டு வரேன்.”

“அப்ப உனக்கு நல்லாத் தெரியுமே,” என்றார் கணவர். அது நியாயமாகத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்தாள். முதலில் தனக்குக் கவுண்டரில் சொல்லிக்கொடுத்ததை இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். குறை சொன்னால் எதிர்க்கேள்வி கேட்காதே. நீயே சரிபார்க்காதே. மன்னிப்புக் கேள். பொருளைக் கையில் எடு. எடுத்துக்கொண்டு நகர்.

தம்பி முதலில் ஊற்றினான். அவள் முகர்ந்தாள். தாளில் ‘கார்க்ட்’ என்பதற்குக் கீழே, ஈரத்துணி மாதிரி நாறும் என்று போட்டிருந்தது.

“இட் ஸ்மெல்ஸ் ஆஃப் வெட் க்ளாத்,” என்றாள்.

“ஐ ஆம் ஸோ ஸாரி, மேடம். ஐ வில் டேக் இட் அவே அட் ஒன்ஸ்.” கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

அவள் பார்வை பக்கத்து நாற்காலிக்குப் போயிற்று. அதன் முதுகில் அவன் குளித்துவிட்டுப் போட்ட துண்டு ஈரத்தோடு கிடந்தது. தினமும் கிடக்கும்.

“அதுவும்,” என்றாள்.

தம்பி நின்றான். துண்டைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பழக்கம் வாயில் இருந்தது.

“ஸோ ஸாரி, மேடம். அட் ஒன்ஸ்.”

துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பால்கனிக் கொடியில் போட்டுவிட்டு வந்தான். ஆறு வருடத்தில் முதல் தடவை.

அதற்குப் பிறகு சிரமமாக இல்லை. அடுத்த நாள் ருசி சரியில்லை என்று ஆரம்பித்தாள். பிறகு சோப்பில் முடி ஒட்டியிருப்பதைச் சொன்னாள். ஸோ ஸாரி, மேடம் என்று சோப்பை எடுத்துக் கழுவினான். அதற்கடுத்த நாள், பாட்டிலின் முகப்பைக் காட்டும்போதே, மொபைலில் ஊரே கேட்கும்படி வீடியோ பார்ப்பதைச் சொன்னாள். மொபைலை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். கடைசி உருளைக்கிழங்கைத் தானே எடுத்துக்கொள்வது. மூடாத பற்பசை. அவள் தூங்கும்போது பாத்திரம் கழுவுவது. கழுவாமல் விடுவது.

“ரெண்டுமே தப்பாக்கா?”

“எதிர்க்கேள்வி.”

“ஸோ ஸாரி, மேடம்.”

நான்கே நாளில் அவன் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டான். எந்தப் பக்கமிருந்து குறை வந்தாலும் கை முன்னால் நீளும், தலை தாழும், பொருள் மறையும். வீடும் கொஞ்சம் துப்புரவாயிற்று. மெத்தையைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை. மெத்தையைச் சொன்னால், அதில் படுக்கிறவனைச் சொன்னதாகிவிடும்.

கணவரின் முறை வரும்போது அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லு,” என்றார்.

“இட்ஸ் அ பிட் ஸ்வீட்.”

“தண்ணி எப்படி இனிக்கும்?”

“எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது.”

“சரி. ஆனா இனிக்குதா?” கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். “இனிக்கலையே. புளிக்குதுல்ல?”

“நீங்களே சரிபாக்கக் கூடாது.”

“அவனுக்குச் சொல்ற மாதிரி உண்மையா எதாச்சும் சொல்லேன். துண்டு கிண்டுன்னு.”

அவர் துண்டைக் கொடியில்தான் போடுவார். பற்பசையை மூடுவார். யோசித்தாள். யோசிக்காமலே அவளுக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. தம்பி பையோடு வாசலில் நின்ற அன்று, அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், “ஒரு வாரம் என்ன மாப்ள, இங்கயே இரு” என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தங்கள் பால்கனியில் கொடி கட்ட இடம் கொடுத்ததும் அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது ‘இருக்கட்டும்’. நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். கூடப்பிறந்தவனை வீட்டில் வைத்துச் சோறு போடுகிற மனுஷன்மேல் எந்த அக்கா குறை சொல்வாள்?

“உங்கமேல என்ன இருக்கு?” என்றாள்.

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்ல.”

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே திரும்பி, “கேட்டியா மாப்ள, என்மேல குறையே இல்லையாம்,” என்றார்.

“அது உங்களுக்கு நல்லதில்ல மாமா,” என்றான் தம்பி, சோப்பைக் கழுவிக்கொண்டே.

இரண்டாவது பரீட்சையில் ஸ்பூன் சார் தம்பியிடம் வைன் நாறுகிறது என்றார். பாட்டில் மாறியது. மேசைவிரிப்பில் கறை என்றார். விரிப்பு மாறியது. நாற்காலி ஆடுகிறது என்றார். நாற்காலி மாறியது, தான் எழுந்து உட்கார்ந்ததே தனக்குத் தெரியவில்லை என்று பிறகு சொன்னாராம். நீ எங்கடா இதெல்லாம் கத்துக்கிட்ட என்று கேட்டதற்கு, “வீட்ல சார்” என்றானாம்.

கணவரிடமும் வைன் நாறுகிறது என்றார். கணவர் கோப்பையை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். ஒரு வாயும் குடித்தார். அவர் வாழ்க்கையில் குடித்த முதல் வைன் அது. “நோ ப்ராப்ளம், சார். இட்ஸ் லவ்லி,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

தம்பிக்கு வேலை கிடைத்தது. கணவருக்கு மிச்ச பாட்டில் கிடைத்தது. ஸ்பூன் சாருக்கு மனசு கேட்கவில்லை; வீட்டுக்குக் கொண்டுபோங்க என்று கார்க்கை அமுக்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. தம்பி பெண் வீட்டுக்குப் போயிருந்தான். பெண்ணின் அப்பாவே ஃபோன் செய்து கூப்பிட்டிருந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார், கீழே, கோப்பை கழுவ. அவள் மெத்தையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜன்னலின் கொக்கி துருப்பிடித்திருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தாள். வெளியே பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்க் கட்டடத்தின் சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், குழாய்மேல் ஒரு புறா. நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டினாள். புறா எதையும் குறை சொல்லவில்லை.

கணவர் தோற்றதற்குத் தான்தான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். உறுத்தியது. இன்றைக்கு வந்ததும் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. முகத்தில் தோற்ற களையே இல்லை. ஜன்னலைப் பார்த்தார்.

“அட, திறக்குதே.”

“திறந்தேன்.”

“காத்து நல்லா வருது.” அவர் பையிலிருந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் விளிம்பில் சில்லுப் போனவை. நான்கு கோப்பை. வெள்ளைத் துணியை எடுத்து முழங்கையில் போட்டுக்கொண்டார். மிச்ச பாட்டிலைக் கொண்டுவந்தார்.

“எனக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றாள் அவள்.

“இரு, குடிச்சுட்டுச் சொல்லு. இன்னிக்கு நிஜ வைன்.” கார்க்கைப் பிடுங்கினார். முதல் கோப்பையில் ஊற்றினார். நிறுத்தவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. இருந்ததைச் சரியாகப் பங்கிட்டுவிட்டார். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

“எதுக்கு நாலு?”

“நமக்கு ரெண்டு. அவங்களுக்கு ரெண்டு. அவனும் அந்தப் பொண்ணும் வந்துட்டிருக்காங்க.”

“இங்கயா?”

“மத்தியானம் ஃபோன் பண்ணினான். அவங்க அப்பா சரின்னுட்டாராம். வீடு தேடணும் மாமான்னான். எதுக்குடா தேடணும், அதான் இவ்வளவு பெரிய ஹால் இருக்கே, கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் இங்கயே இருங்கன்னு சொல்லிட்டேன். குறுக்க ஒரு திரை போட்டா ஆச்சு. ஜன்னல் வேற திறக்குது.” அவர் ஒரு கோப்பையைக் காம்பில் பிடித்து, தாளில் இருந்தபடியே, வலது பக்கமாக அவள் முன்னால் வைத்தார். ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். “வுட் யூ லைக் டு டேஸ்ட் இட், மேடம்?”

அவள் கோப்பையைத் தொடவில்லை. நாற்காலியை ஜன்னலிலிருந்து மேசைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு கோப்பைகளையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு கவுண்டரில் பேசுகிற குரலில், நிதானமாகக் கேட்டாள்.

“எல்லாருக்கும் ஊத்துறதுக்கு முன்னாடி யார்கிட்ட கேக்கணும்?”